நினைத்துவிட்டால் நடக்காது

ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் பத்திரமாகப் போய்விட்டு வா என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் சொல்ல மாட்டாள். நீ எப்படிச் சாகப்போகிறாய் என்று சொல்லி அனுப்புவாள்.

"சந்தவாசல் பஸ்ஸா? படிக்கட்டாண்ட நிக்காத. திருப்பத்துல டிரைவர் ஒடிச்சி திருப்புவான், நீ கையை உட்டுடுவ, பின்னாடி வர லாரி சக்கரம் நேரா உன் இடுப்புல ஏறும். மூஞ்சி மட்டும் அப்பிடியே இருக்கும். சரி, போய்ட்டு வா."

இதைச் சொல்லும்போது அவள் கைவேலை நிற்காது. குரலில் கோபம் இருக்காது, பதற்றம் இருக்காது. மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த இழைக்குப் போய்விடுவாள். கேட்டவளுக்குத்தான் பஸ் ஏற மனசு வராது. முதல் தடவை எனக்கு அப்படிச் சொன்னபோது, "உன் வாயில நல்லதே வராதாக்கா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நல்லதுக்குத்தாண்டி சொல்றேன். எந்தக் கெட்டதும் முன்னாடியே நெனைச்சிட்டா நடக்காது" என்றாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஆரணியில் எங்கள் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. மற்றவர்களுக்குப் பிணைப்புக்காரி, எனக்கு அக்கா. பட்டுத்தறியில் நீளவாக்கில் கட்டுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்தால், பழைய பாவின் கடைசி முழத்தைத் தறியிலேயே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்க வேண்டும். அதுதான் பிணைப்பு. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். தறிக்குப் பின்னால் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ஒருத்தி இழையை எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவாள். முறுக்குகிறவள் அவள், எடுத்துக் கொடுக்கிறவள் நான். தொண்ணூறுகளில் எட்டொன்பது வருஷம் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து என் காலம் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

நல்ல கை அவளுக்கு. ஒரு நாளைக்கு அவள் விரலில் அறுகிற இழை ஒன்றோ இரண்டோதான். ஆனால் சாயங்காலம் கணக்கு சொல்வது அந்த ஒன்றைத்தான். "இன்னிக்கு ஒண்ணு அறுந்துச்சுடி" என்பாள். மிச்சம் அத்தனையும் சரியாகப் பிணைந்ததே அக்கா என்றால், "அது பிணையத்தான பிணையும்" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். குக்கர் மூன்று விசில் அடித்தால் நான்காவது விசிலில் மூடி எங்கே பறக்கும், யார் மண்டையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். மழை பெய்தால் எந்தச் சுவர், காற்றடித்தால் எந்த மின்கம்பி, எந்தத் தெருநாய்க்கு நடை மாறியிருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஒரு தடவை என் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து, மூளைக்காய்ச்சலில் ஆரம்பித்து ஒவ்வொரு வியாதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே போ என்று கத்திவிட்டேன். போகவில்லை. நாலாம் நாள் குழந்தைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியபோது எனக்கு முன்னால் அழுதவள் அவள்தான். அவளை வெறுக்கவும் முடியாமல், சேர்த்துக்கொள்ளவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தெரு அவளைக் கரித்துக் கொட்டியது. காலையில் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தெருவின் இன்னொரு முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவரின் மனைவி ஒருத்தி, ஊரெல்லாம் அவளைச் சனியன் என்று திட்டுகிறவள், ஒருநாள் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, எங்க ஊட்டுக்காரரு நாளைக்கு பம்பாய் லோடு எடுத்துகினு போறாரு. கொஞ்சம் நெனைச்சிக்கோக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. எந்த ரோடு, எத்தனை நாள், கூட யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதம் நாலைந்து பேர் அப்படி வந்தார்கள். பரீட்சைக்குப் போகிறவளுக்கு, பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, துபாய் போகிறவனுக்கு. தேங்காய் பழம் எதுவும் கொண்டு வருவதில்லை. சொல்லிவிட்டு யாரும் பார்ப்பதற்குள் போய்விடுவார்கள்.

பவர்லூம் போட்டிருந்த ஒரு ஆள் மட்டும் நடுத்தெருவில் நின்று அவளைக் கிண்டல் பண்ணினார். "தோ பாரு, என்னைப் பத்தி மட்டும் நீ நெனைக்காத தாயி. எனக்கு ஆயுசு கெட்டி" என்றார். அவள் சரி என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த மாதம் அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது. தெருவே வாயடைத்துப் போனது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். அவள் நினைக்காமலேயே இந்த ஊரில் நல்லபடியாக வீடு திரும்பிய ஜனத்தை யாராவது எண்ணினீர்களா என்று கேட்டேன். யார் காதிலும் ஏறவில்லை. அவள் மட்டும் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தாள். "வேணான்னாலும் நான் நெனைச்சிருக்கணும்டி" என்றாள்.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்றால், என் ரத்தம் அப்படி. எங்கப்பா கருப்புச் சட்டைக்காரர். சகுனம் பார்த்துத் திரும்பி வருகிறவரைப் பார்த்தால், "குறுக்க போன பூனையும் இப்ப ஊட்டுக்குத் திரும்பி போயிருக்கும், பாவம்" என்பார். அந்த வாய் எனக்கும் வந்துவிட்டது. இந்த அக்காவை மாற்றிக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. நாள்காட்டியில் தினம் கிழிக்கிற தாள்களைச் சேர்த்து வைத்தேன். அன்றன்றைக்கு அவள் என்னென்ன நினைத்தாளோ அதையெல்லாம் தாளின் பின்பக்கம் எழுதினேன். கோமதியைப் பாம்பு கடிக்கும். மாமா தறிக்குழியில் மயங்கி விழுவார். எதிர் வீட்டுக் கிழவர் கிணற்றில் தவறிவிடுவார். கோமதி அவள் மகள், ஒரே பிள்ளை. மாமா அவள் புருஷன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். இரண்டு மாதம் எழுதிவிட்டு, மொத்தக் கட்டையும் அவள் மடியில் போட்டேன்.

"படிச்சி பாருக்கா. ஒண்ணாவது நடந்துச்சா?"

ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். முகம் மலர்ந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுகூட நடக்கலியேடி" என்றாள். "எத்தினி பேரைக் காப்பாத்தி வச்சிகீறேன் பாரு."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. கோமதி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, எனக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் தெரிய, வேலூரில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வருகிற புதன்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை.

அக்கா முடியாது என்றாள். கத்தவில்லை, அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கோமதி மூன்று வேளை சாப்பிடாமல் படுத்தாள். மாமா தன் பத்து வார்த்தையையும் அன்றைக்குச் செலவழித்துப் பார்த்தார். நான் விடவில்லை.

"ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. சீமைக்கா போறா? ஏன்க்கா அவ வாழ்க்கையைக் கெடுக்கற?"

"உனக்குப் புரியாதுடி" என்றாள். "இந்த ஊருல எனக்கு எல்லாம் தெரியும். எந்த நாயி, எந்த கிணறு, எந்த கரண்ட்டு கம்பி, எந்த பையன் பார்வை சரியில்ல, எல்லாம் தெரியும். ஒண்ணு உடாம நெனைச்சிடுவேன். வேலூர்ல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியுமா? அந்த ஹாஸ்டல்ல எத்தினி படி, எந்த ஜன்னல்ல கம்பி இல்ல, ஒண்ணும் தெரியாது. எதை நெனைப்பேன்? நான் நெனைக்காம உட்ட அந்த ஒண்ணுதான் அவளை எடுத்துகினு போவும்."

பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கினால் ஒதுக்கலாம். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குள் போய் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காக, ஒன்றோடொன்று பிணைந்து, இழை பிசகாமல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதிர்வரிசையில் ஒரு தறிக்காரப் பையன் இருந்தான். கோமதியை அவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் கண்பார்வையிலேயே இருப்பாள் என்று அவன் அம்மாவிடம் பேச்சும் கொடுத்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை நான் ஒரு பந்தயம் போட்டேன்.

"நாளைக்கு நான் தேவிகாபுரம் போறேன், எங்க நாத்தனார் ஊட்டுக்கு. காலைல போய்ட்டு சாயந்திரம் வருவேன். அது வரைக்கும் நீ என்னைப் பத்தி ஒண்ணும் நெனைக்கக் கூடாது. ஒரு நெனைப்பு வந்தாலும் தள்ளிட்டு வேலையைப் பாரு. நான் நல்லபடியா திரும்பி வந்துட்டா கோமதியை அனுப்பற. சத்தியம் பண்ணு."

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க கீதுடி" என்றாள்.

"கீது. அதனாலதான் திரும்பி வருவேன்."

கோமதி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா என் உள்ளங்கையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வாசலில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டொன்பது வருஷத்தில் முதல்முறையாக, என் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஊருக்குப் போகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பஸ் ஊரைத் தாண்டியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் எழுந்து உள்பக்கம் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பீடி பற்றவைத்தபோது, ரோட்டைப் பாருய்யா என்று சத்தம் போட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்பாவை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது டயர் பஞ்சராகி அரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம், அவ்வளவுதான். வெயில் தாழ்வதற்குள் ஆரணிக்கு வந்து இறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தறிக்கூடத்துக்கு ஓடினேன். "வந்துட்டேன் பாருக்கா, முழுசா வந்துட்டேன்" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

தறிக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பதிலாக அன்றைக்கு இழை எடுத்துக் கொடுத்த கோமதி எதிரே இருந்தாள். தறிக்குச் சொந்தக்கார முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பிணைப்பு முழுக்க முடிந்திருந்தது. ஆனால் கடைசியில் ஒரே ஒரு இழை ஜோடியில்லாமல் மிஞ்சி நின்றது.

பிணைப்பு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். எங்கேயோ ஒரு பழைய இழையைத் தவறவிட்டு, அடுத்ததோடு முறுக்கிவிட்டாள் என்று அர்த்தம். அந்த இடத்திலிருந்து கடைசி வரை எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருக்கும். புடவையின் உடல் பகுதிக்கான நிறத்து இழை பார்டருக்குள் ஓடும். அந்தப் பாவில் நெய்கிற புடவை எல்லாவற்றிலும் அந்தக் கோடு விழும். எந்த இடத்தில் தவறியது என்று தேடி, அதுவரைக்கும் பிரித்து, மறுபடி பிணைக்க வேண்டும். அவள் வாழ்நாளில் இழை மிஞ்சியதே இல்லை.

"இன்னாம்மா இது பேஜாரு? உன்னை நம்பித்தான குடுத்தேன்" என்று முதலாளி கத்திவிட்டுப் போனார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை நெனைக்கக் கூடாது, நெனைக்கக் கூடாதுன்னே உக்காந்துகினு இருந்தேன். நீ வந்துட்ட. பாவு போச்சு. எதுனா ஒண்ணு போவும்டி" என்றாள். அதை அவ்வளவு அமைதியாகச் சொன்னாள். கோமதி எழுந்து வெளியே போய்விட்டாள். பந்தயத்தில் ஜெயித்து வந்தவள் நான். தோற்றவள்போல நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அந்தத் தவறிய இடத்தைத் தேட உட்கார்ந்தோம். ஒவ்வோர் இழையாக விரலில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பேசினால் விட்டுப்போகும் என்று பேசாமலே பார்த்தோம். மத்தியானம் ஆகியிருக்கும். தலை நிமிராமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

கோமதிக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் இருந்தான், ஆறு வயதில் ஆற்றில் போய்விட்டான் என்பது தெருவுக்கே தெரியும். கமண்டல நாகநதியில் வருஷம் முழுக்க மணல்தான் இருக்கும். அந்த வருஷம் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

"நீ போய்ட்டு வந்த அதே தேவிகாபுரத்துல ஒரு கல்யாணம்" என்றாள். "கோமதி கைக்கொழந்தை. அவனை எங்க மாமியாராண்ட உட்டுட்டுப் போனேன். அது வரைக்கும் பட்டு நெய்யற ஊட்டுல பொறந்தும் பட்டு கட்டினதில்ல நானு. அன்னிக்கு ஓரகத்தி புடவையை வாங்கிக் கட்டிகினேன். பொம்பளைங்கல்லாம் ஒரே சிரிப்பு. நலங்கு வச்சோம், பாட்டு பாடினோம், நான்கூட பாடினேன்டி. தினிக்கும் அவன் தெருவுல இறங்கினா எனக்கு உசுரு இருக்காது. நாயி கடிக்குமோ, வண்டி வருமோன்னு நெனைச்சிகினே இருப்பேன். ஒண்ணும் ஆவல. அன்னிக்கு ஒரு நாளு முழுக்க எனக்கு அவன் நெனைப்பே வரல. ஒரே ஒரு நாளு."

அவள் விரல் இழையை விடவில்லை. எனக்குக் கண் மறைத்தது. இத்தனை வருஷமும் நான் மூடநம்பிக்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவள் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் தூங்கிவிட்ட காவல்காரி, அதற்குப் பிறகு கண்ணையே மூடவில்லை.

"நெனைக்கறதால ஒண்ணும் நடக்காம போவாதுன்ற நீ" என்றாள்.

"ஆமாக்கா."

"நெனைக்காம உட்டதாலயும் ஒண்ணும் நடந்துடாது."

"நடந்துடாது."

இப்போதுதான் நிமிர்ந்தாள். "அப்ப அன்னிக்கு நான் தேவிகாபுரத்துல பாடாம, சிரிக்காம, அவனையே நெனைச்சிகினு இருந்திருந்தா?"

இந்தக் கேள்வியை நோக்கித்தான் நான் அவளை இவ்வளவு நாளாக இழுத்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லலாம், பேச்சை மாற்றலாம். புதன்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"இருந்திருந்தாலும் போயிருப்பான்க்கா" என்றேன்.

எடுத்த இழையை நகர்த்தாமல் விரலிலேயே பிடித்திருந்தாள்.

"அப்ப நான் சாவடிக்கல."

"இல்லக்கா. நீ ஒண்ணும் பண்ணல."

"அப்ப சும்மா போயிட்டான். எதுக்கும் இல்லாம, சும்மா." அவள் வாய் கோணியது. "அப்ப இத்தினி வருசம் நான் இன்னாடி பண்ணிகினு இருந்தேன்?"

அவள் இழையைக் கீழே விட்டாள். எந்த இடம் வரை பார்த்தோம் என்று அடையாளம்கூட வைக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அன்றைக்கு எழுந்திருக்கவில்லை, மறுநாள் பகலும் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவில்லை, யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் மனைவி நெனைச்சிக்கோக்கா என்று வந்து நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவள் அரண்டு போய் ஓடினாள். மாமா என்னைத் தோட்டப் பக்கம் கூப்பிட்டு, "இன்னா சொன்ன நீ அவகிட்ட?" என்று கேட்டார். அவர்கள் தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு உண்டு. அன்று பகல் முழுக்க நான் துணி துவைக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றடியைவிட்டு நகரவில்லை. உள்ளே பாய் நகர்ந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

சாயங்காலம் அவள் எழுந்து வந்தாள். நேராகக் கிணற்றடிக்குத்தான் வந்தாள். நான் எழுந்து குறுக்கே நின்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு ஒரு வாளி தண்ணீர் சேந்தி முகம் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே கோமதியைக் கூப்பிட்டு, "பெட்டியை எடுத்து வை" என்றாள்.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். மாமா துணைக்குப் போய்விட்டுச் சாயந்திரம் திரும்புவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் பன்னிரண்டு மணிக்குள் முனைக்கடை டெலிபோன் பூத்துக்குப் பேசச் சொல்லியிருந்தோம். பஸ்ஸில் கூட்டமில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோமதி உட்கார்ந்தாள். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசவில்லை. டிரைவர் வந்து ஏறினார், என்ஜின் உறுமியது. அந்தப் பெண்ணின் முகம் மாறியது. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வாழ்க்கையே வெறுத்துப் போய்விட்டதாக என்னிடம் அழுத பெண்தான் அது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ ஒண்ணும் சொல்லலியே? எதுனா சொல்லும்மா" என்றாள். கெஞ்சினாள்.

அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். உள்ளே விரல்கள் இழை முறுக்குவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் ஆவாது. போ" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பஸ் கிளம்பித் திரும்பும் வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லச் சொன்ன, சொல்லிட்டேன். இனிமேட்டு உன் பொறுப்பு" என்றாள். விறுவிறுவென்று தறிக்கூடத்துக்கு நடந்தாள்.

மிச்சமிருந்த பிணைப்பில் நாங்கள் உட்கார்ந்தோம். தவறிய இடம் பத்து மணிக்கே கிடைத்துவிட்டது. அவள் பிரித்து மறுபடி முறுக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு அடித்தது. போன் வரவில்லை. பூத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு மணி, இரண்டு மணி. மறுபடி போனேன். மறுபடி போனேன். பூத்துக்காரர், "ஏம்மா, லைன் கிடைக்காம இருக்கும், வந்தா நானே ஆள் அனுப்பறேன்" என்று எரிந்து விழுந்தார். அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் கையிலிருந்துதான் இழை நழுவிக்கொண்டே இருந்தது. வேலூர் ரோட்டில் கண்ணமங்கலம் தாண்டி எங்கே திருப்பம், எங்கே ரயில்வே கேட், எந்த இடத்தில் கல்குவாரி லாரி வரும் என்று நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. அன்றைக்கு ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து நின்றது. வந்ததை விட்டுவிடப் பயமாக இருந்தது. ஒன்று விடாமல் முழுக்க நினைத்தேன்.

ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. சேர்க்கை முடியவே நாலு மணியாகிவிட்டதாம், பிறகு லைன் கிடைக்கவில்லையாம். கோமதியின் குரலை என் காதால் கேட்டேன். தறிக்கூடத்துக்கு ஓடி வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"போய் சேந்துட்டாங்கக்கா. கோமதி நல்லா கீறா."

அவள் முறுக்கிக்கொண்டிருந்த இழையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படலியே உனக்கு. எத்தினிடி நெனைச்ச?"

"எல்லாத்தையும் நெனைச்சேன்க்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் எழுந்து வந்து, சாம்பல் படிந்த கையாலேயே என் கண்ணைத் துடைத்தாள்.

"நீ நெனைச்சதால இல்லடி" என்றாள். "பஸ்ஸு ஒழுங்கா போச்சு. அவ்ளோதான்."

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். தலையை ஆட்டினேன். ஆனால் அன்றைக்கு அதை நம்ப என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.